எண்ணெய் டின்னின் இரண்டாவது ஓட்டை: வீட்டில் கார்ட்ரிட்ஜுக்கு இங்க் நிரப்புவது பற்றி

நல்லெண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கித்தான் விழும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் நூல் பிடித்தாற்போல் இறங்கும். வீட்டில் பிரின்டர் கார்ட்ரிட்ஜ் நிரப்பிவிட்டு, "நாலு பக்கம் நல்லா வந்துச்சு, அப்புறம் வெளுத்துப்போச்சு" என்று இங்க் பாட்டிலைத் திட்டுபவர்களில் பலர், அந்த இரண்டாவது ஓட்டையைத் தங்கள் கையாலேயே டேப் ஒட்டி அடைத்திருப்பார்கள். சிரிஞ்ச் பிடிக்கத் தெரிந்த யாரும் இங்க் நிரப்பலாம். உள்ளே காற்று எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கவே கூடாது என்பது தெரியாமல் நிரப்பும்போதுதான் கார்ட்ரிட்ஜ் கெடுகிறது.

முதலில் எல்லையைச் சொல்லிவிடலாம். இங்கே வருவதெல்லாம், தாளில் இங்க் தெளிக்கும் ஹெட்டும் இங்க்கைத் தாங்கும் டேங்கும் ஒரே கூட்டில் இருக்கும் கார்ட்ரிட்ஜ்களுக்கு. எச்பியில் 678, 680, 803, 805. கேனானில் பிஜி-745, சிஎல்-746, பிஜி-47, சிஎல்-57 போன்றவை. கூட்டின் அடியில் பளபளக்கும் சிறு பட்டையும், முதுகில் மின்தொடர்புப் புள்ளிகள் வரிசையாகப் பதித்த மெல்லிய தாளும் இருந்தால் அது இந்த வகை. எப்சனில் ஹெட் பிரின்டரோடு நிரந்தரமாக இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் வெறும் டப்பாவும் சிப்பும்தான். அதற்கு வைத்தியம் வேறு.

இந்தக் கூட்டுக்குள் நடப்பது என்ன? மேலே ஸ்பாஞ்ச். அதன் அடியில் மிக நுண்ணிய கம்பி வலை. வலைக்குக் கீழே ஒரு குறுகிய வழி, அதன் முடிவில் ஹெட். ஹெட்டில் தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவற்றை நாசில் என்கிறோம். ஒவ்வொரு நாசிலுக்கும் ஒரு சின்னஞ்சிறு ஹீட்டர். மின்சாரம் பாய்ந்ததும் சில மைக்ரோ விநாடிகளில் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, தன்மேல் படிந்திருக்கும் இங்க்கில் ஒரு நீராவிக் குமிழியை எழுப்புகிறது. குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. குமிழி அடங்கியதும் அந்த இடத்துக்குப் புது இங்க் வருகிறது. 1977இல் கேனான் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக ஒரு சிரிஞ்ச் ஊசியில் பட, முனையிலிருந்து இங்க் தெறித்ததைப் பார்த்துப் பிறந்த யோசனை இது. எச்பியும் தன் வழியில் இதே இடத்துக்கு வந்து 1984இல் திங்க்ஜெட் பிரின்டரை விற்பனைக்கு விட்டது. சிரிஞ்சில் தொடங்கிய கதை, நம் வீட்டில் மறுபடி சிரிஞ்சுக்கே வந்து நிற்கிறது.

அந்த ஹீட்டரைக் குளிரவைப்பதும் இங்க்தான். அடுப்பில் காலிப் பாத்திரத்தை வைத்தால் தீய்ந்துபோவதைப் போல, இங்க் வராத நாசிலின் ஹீட்டர் கருகிவிடும். கருகியது கருகியதுதான், எத்தனை முறை 'கிளீனிங்' கொடுத்தாலும் திரும்பாது. "சுத்தமா தீரட்டும், அப்புறம் நிரப்பிக்கலாம்" என்று கடைசிச் சொட்டுவரை ஓட்டுபவர்களின் கார்ட்ரிட்ஜ் இரண்டாவது ரீஃபில்லைப் பார்க்காமல் செத்துப்போவது இதனால்தான். எழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்ததும், அல்லது வழக்கத்தைவிட வெளுத்ததும், அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் இருபது பக்கம்தானே என்று தள்ளக் கூடாது.

ஸ்பாஞ்ச் எதற்கு? இங்க்கைச் சேமிக்க மட்டும் என்றால் வெறும் டப்பாவே போதும். நாசில்கள் கீழ்நோக்கித் திறந்தே கிடக்கின்றன. ஆனாலும் இங்க் ஒழுகுவதில்லை. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்துத் தூக்கிப் பிடித்தால் ஓரளவு தண்ணீரைச் சொட்டவிடாமல் தாங்கிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் சொட்டத் தொடங்கும். கார்ட்ரிட்ஜிலும் அதே கணக்கு. ஸ்பாஞ்சின் நுண்துளைகள் இங்க்கைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும் அந்த லேசான இழுவைதான் ஒழுகலைத் தடுக்கிறது. வழிய வழிய நிரப்பினால் இழுவை போய்விடும். அதனால் கார்ட்ரிட்ஜில் நிறைவு என்பது விளிம்புவரை அல்ல; ஸ்பாஞ்சின் மேல்பரப்பு ஈரமாகப் பளபளத்தும் இங்க் தேங்காமலும் இருக்கும் நிலை.

இங்க் கீழே போகப் போக, அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து காற்று வர வேண்டும். அதற்காகவே லேபிளுக்கு அடியில், மூடியின் பிளாஸ்டிக்கில், கோலத்துக் கம்பி போல வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய பள்ளங்கள் இருக்கின்றன. ஒரு முனை மூடியிலுள்ள துளையில், மறுமுனை லேபிளின் ஓரத்தில். காற்று நுழையும், ஆனால் பாதை நீளமும் குறுகலுமாக இருப்பதால் இங்க் சீக்கிரம் உலராது. லேபிளைப் பிய்த்து எறிந்துவிட்டு அகல டேப்பால் இறுக மூடினால் பள்ளம் அடைபடும், உள்ளே வெற்றிடம் உருவாகும், சில பக்கங்களில் இங்க் வரத்து நின்றுவிடும். லேபிளை ஒரு மூலையிலிருந்து பிளேடு நுனியால் நிமிண்டி, மடங்காமல் உரித்து, பசை காயாமல் ஒரு பிளாஸ்டிக் தாளில் ஒட்டிவையுங்கள். வேலை முடிந்ததும் அதையே திரும்ப ஒட்டலாம். பசை போய்விட்டதா? டேப் ஒட்டி, ஒவ்வொரு துளைக்கும் நேர் மேலே குண்டூசியால் ஒரு குத்து குத்திவிடுங்கள். கலர் கார்ட்ரிட்ஜில் மூன்று அறைக்கும் மூன்று குத்து.

இங்க் வாங்கும் இடத்திலேயே ஒரு பிழை நடக்கிறது. கறுப்பில் இரண்டு ஜாதி உண்டு: பிக்மென்ட், டை. பிக்மென்ட்டில் கறுப்புத் துகள்கள் நீரில் மிதக்கின்றன. தாளில் மேலாகப் படிந்து காயும், நீர் பட்டாலும் பெரிதாகக் கலையாது. டை நீரில் கரைந்த சாயம். தாளின் நாருக்குள் ஊறி, எழுத்தின் ஓரத்தில் மயிர்க்கால் விட்டதைப்போல் படரும். கேனானின் பிஜி என்ற முன்னெழுத்து பிக்மென்ட் கறுப்பைக் குறிக்கிறது. எச்பி 680 கறுப்பும் பிக்மென்ட். அதன் கலர் டை. பிக்மென்ட் கார்ட்ரிட்ஜில் டை கறுப்பை ஊற்றினாலும் அச்சு வரத்தான் செய்யும். ஆனால் அதில் அடித்த விண்ணப்பத்தின் மேல் மழைத்துளி விழுந்தால், எழுத்து கரைந்து படர்ந்துவிடும். தலைகீழாக, டைக்கென்று செய்த கார்ட்ரிட்ஜில் பிக்மென்ட்டை ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே ஸ்பாஞ்சில் கலந்தால் துகள்கள் திரிந்த பால்போல் கட்டிவிட வாய்ப்பு உண்டு. பாட்டிலில் 'எல்லா பிரின்டருக்கும்' என்று மட்டும் போட்டிருந்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது டைதான்.

பேனா இங்க், ஸ்டாம்ப் பேட் இங்க் இரண்டையும் கிட்டவே சேர்க்க வேண்டாம். பிரின்டர் இங்க்கில் நாசில் முனை காயாமல் இருக்கக் கிளிசரின் வகைப் பொருட்கள் கலந்திருக்கும். தீர்ந்துபோகிறதே என்று தண்ணீர் ஊற்றி நீட்டிப்பதும் அதே காரணத்தால் தவறு: நிறம் வெளுப்பது மட்டுமல்ல, இழுவையும் காயும் வேகமும் மாறிவிடும்.

சாமான் பட்டியல் சின்னது. மெடிக்கல் ஷாப்பில் 5 மி.லி. சிரிஞ்ச் நான்கு, ஒன்றரை அங்குல ஊசியோடு. நிறத்துக்கு ஒன்று, கழுவி மாற்றிக்கொள்ளலாம் என்ற சிக்கனம் மஞ்சளைப் பச்சையாக்கிவிடும். ஊசியின் கூர்நுனியை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிக்கொண்டால் ஸ்பாஞ்ச் கிழியாது. தேய்த்த தூள் உள்ளே போகாதபடி நன்றாகக் கழுவ வேண்டும். டிஷ்யூ பேப்பர், பழைய செய்தித்தாள், பல்குச்சி, கையுறை. டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில்: பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர். ஆசிட் கலந்ததைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். போர் தண்ணீர் நல்லதல்ல. வாளியில் வெள்ளையாகப் படியும் உப்பு நாசிலிலும் படியும். இதோடு ஒரு சக்‌ஷன் கிளிப்: கார்ட்ரிட்ஜைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டில், அடியில் ஒரு ரப்பர் வளையம். இது இல்லாமலும் வேலை நடக்கும், இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

இன்னொன்றும் உண்டு. யாரும் சொல்வதில்லை, ஆனால் எல்லாவற்றையும்விட உபயோகமானது: 0.1 கிராம் காட்டும் சின்ன எடைக்கருவி. புது கார்ட்ரிட்ஜைப் பிரித்து நாசில் டேப்பை எடுத்ததும் எடை போட்டு, கூட்டின் பக்கவாட்டில் மார்க்கரில் எழுதிவையுங்கள். வெளுக்கத் தொடங்கியதும் மறுபடி எடை. இங்க் தண்ணீரைவிடச் சற்றுத்தான் கனம், ஒரு மி.லி. ஏறத்தாழ 1.05 கிராம். 6.3 கிராம் குறைந்திருந்தால் 6 மி.லி. போயிருக்கிறது. திரும்பப் போட வேண்டியது 5, மிஞ்சினால் 5.5. கணினித் திரை காட்டும் இங்க் அளவை இதோடு ஒப்பிடவே முடியாது. அது அளவீடு அல்ல. எத்தனை துளி தெளித்தோம் என்று பிரின்டர் போடும் மனக்கணக்கு. எடையைக் குறிக்காமல் விட்டவர்களுக்குப் பொதுக்கணக்கு: கறுப்புக்கு 4 முதல் 5 மி.லி., கலரில் அறைக்கு ஒன்றரை முதல் 2 மி.லி. அதிக இங்க் கொள்ளும் எக்ஸ்எல் கார்ட்ரிட்ஜ் அதே உருவத்தில்தானே இருக்கிறது என்று அதன் அளவைச் சாதாரணக் கூட்டில் திணிக்கக் கூடாது.

இனி வேலை. பிக்மென்ட் பாட்டிலைக் குலுக்காதீர்கள், நுரை கட்டும். சப்பாத்திக் கட்டைபோல் மேசைமேல் படுக்கவைத்து ஒரு நிமிடம் உருட்டினால் அடியில் தங்கிய துகள் கலந்துவிடும். சிரிஞ்சில் இழுத்தபின் ஊசியை மேல்நோக்கிப் பிடித்துத் தட்டி, காற்றை வெளியேற்றுங்கள். கார்ட்ரிட்ஜை மடித்த டிஷ்யூவின் மேல், நாசில் கீழே இருக்க நேராக நிறுத்துங்கள். கறுப்பில் லேபிளுக்கு அடியில் பல துளைகள் தெரியலாம். எல்லாமே இங்க் போடும் வழி அல்ல. பல்குச்சியை விட்டுப் பார்த்தால் எது ஸ்பாஞ்சைத் தொடுகிறதோ அதுதான் நம் துளை. சில கூடுகளில் துளை மிகக் குறுகல். கையால் திருகும் சிறு டிரில்லில் ஒன்றரை மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கலாம். அப்போது கூட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், தூள் வெளியே விழட்டும்.

ஊசியை ஸ்பாஞ்சின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு இறக்குங்கள். அடிவரை குத்தினால் வலை கிழியும். இனி பொறுமைதான் வேலை: ஒரு மி.லி.க்குப் பத்துப் பதினைந்து விநாடி. அழுத்த அழுத்த ஊசியை மெல்ல மேலே இழுத்துக்கொண்டே வர வேண்டும். வேகமாக அழுத்தினால் இங்க் ஸ்பாஞ்சில் ஊறாமல் பக்கவாட்டில் வழிந்தோடும். நடுவில் காற்றுப் பை மாட்டிக்கொள்ளும். நிறைந்ததுபோல் மேலே ஈரம் தெரியும், அடியில் வறண்டிருக்கும். மேலே இங்க் குளம்போல் தேங்கினால் உடனே நிறுத்தி, அரை மி.லி. திரும்ப உறிஞ்சிவிடுங்கள்.

கலரில் எந்தத் துளை எந்த நிறம்? இணையத்தில் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தார்கள் என்பது தெரியாமல் அவற்றை நம்புவது ஆபத்து. ஒவ்வொரு துளையிலும் ஒரு புதுப் பல்குச்சியை விட்டு, எடுத்து வெள்ளை டிஷ்யூவில் ஒற்றினால் சயான் (நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள் தானாகத் தெரியும். காய்ந்திருந்தால் குச்சி நுனியை நனைத்துக்கொள்ளலாம். மூன்று அறைக்கும் நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் சுவர். ஒன்றில் வழிந்தது அடுத்ததில் போய்விடும். மஞ்சளை முதலில் நிரப்புங்கள். மற்ற நிறம் கலந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது மஞ்சள்தான்.

நிரப்பியதும் நேரே பிரின்டரில் மாட்டக் கூடாது. பத்து நிமிடம் டிஷ்யூவின் மேல் நிற்கட்டும். பிறகு ஹெட்டை மடித்த டிஷ்யூவில் மூன்று நான்கு விநாடி ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. கறுப்பானால் அழுத்தமான ஒரு கோடு, கலரானால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று தெளிவான பட்டைகள் விழ வேண்டும். விழுந்தால் பாதி வெற்றி. விழாவிட்டால், அல்லது மூன்றில் ஒன்று வராவிட்டால், வலைக்கும் ஹெட்டுக்கும் இடையில் காற்று மாட்டியிருக்கிறது. காற்றுக் குமிழி வலையைத் தாண்டி எளிதில் தானாக மேலேறாது. இங்கேதான் சக்‌ஷன் கிளிப் தேவை: ரப்பர் வளையம் நாசிலை மூடும்படி கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாக அரை மி.லி. இழுங்கள். முதலில் நுரை, பிறகு இங்க் வரும். நுரை நின்றதும் நிறுத்தவும். கலரில் இப்படி இழுக்கும்போது மூன்று நிறமும் ரப்பருக்குள் கலக்கும். கிளிப்பைக் கழற்றும் முன் சிரிஞ்சைத் திரும்ப உள்ளே அழுத்திவிட்டால் அந்தச் சேறு நாசிலுக்குள் ஏறிவிடும். இழுத்த நிலையிலேயே கழற்றி, உடனே ஒற்றியெடுங்கள்.

காய்ந்து அடைத்த ஹெட்டுக்கு: தட்டில் டிஸ்டில்டு வாட்டரைக் கை பொறுக்கும் சூட்டில் 2 மி.மீ. உயரத்துக்கு ஊற்றி, நாசில் மட்டும் நனையும்படி இரண்டு நிமிடம் நிறுத்திவையுங்கள். மின்தொடர்புப் பட்டை நனையக் கூடாது. கொதிநீர் வேண்டாம், ஹெட்டை ஒட்டியிருக்கும் பசை இளகும். கடைசியாக மின்தொடர்புப் புள்ளிகளை டிஸ்டில்டு வாட்டர் தொட்ட துணியால் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். 'கார்ட்ரிட்ஜைக் காணவில்லை' என்ற பிழைச் செய்திகளில் கணிசமானவை அந்தப் புள்ளிகளில் படிந்த ஒரு சொட்டு இங்க்கால் வருபவை.

மாட்டியதும் பிரின்டர் முறைக்கும். கேனானில் முதலில் இ13, கொஞ்சநாள் கழித்து இ16 என்று வந்து நிற்கும். இங்க் தீர்ந்திருக்கலாம், தீர்ந்துவிட்டது என்பவை அவற்றின் பொருள். ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இங்க் கணக்கைக் கைவிட்டுவிட்டு அச்சடிக்கத் தொடங்கும். எச்பியில் 'பயன்படுத்தப்பட்ட அல்லது நிரப்பப்பட்ட கார்ட்ரிட்ஜ்' என்று வரும். ஓகே கொடுத்தால் போகும். இங்க் அளவு காலியாகவே தெரியும், பொருட்படுத்த வேண்டாம். 'கார்ட்ரிட்ஜ் புரொடக்‌ஷன்' என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் கார்ட்ரிட்ஜ் அந்த ஒரு பிரின்டருக்கே பூட்டப்பட்டுவிடும், வேறொன்றில் ஓடாது. அதை முதல் நாளே அணைத்துவிடுவது நல்லது. எச்பி பிளஸ் திட்டத்தைச் செட்டப்பின்போது ஏற்றுக்கொண்ட பிரின்டர்களில் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் ஒழுங்காக ஓடாது என்று எச்பியே சொல்லிவிடுகிறது. இலவசமாகக் கொஞ்சம் இங்க் தருகிறார்களே என்று 'சரி' அழுத்துவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். 2016 செப்டம்பர் 13 அன்று எச்பியின் பல ஆபீஸ்ஜெட் பிரின்டர்கள் வேற்றுச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று ஏற்க மறுத்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. ஒரிஜினல் கூட்டையே நிரப்பிப் பயன்படுத்துபவரை அந்தத் தடை தொடவில்லை, சிப் எச்பியுடையதுதானே.

பிரின்டர் அடித்துக் காட்டும் சோதனைப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் கண்மூடித்தனமான கிளீனிங்கைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு கிளீனிங்கும் இங்க்கைக் குடித்து, பிரின்டர் அடியிலுள்ள பஞ்சில் துப்புகிறது. கோடுகள் எப்போதும் ஒரே இடத்தில் விட்டுப்போனால் அந்த நாசில் அடைபட்டது அல்லது கருகியது. வெந்நீர் வைத்தியம் இரண்டு முறைக்கும் மசியாவிட்டால் கருகியதுதான். விடுபடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் காற்று: ஒரு மணிநேரம் சும்மா விட்டுவைத்து மறுபடி பாருங்கள். பக்கத்தின் மேற்பகுதி நன்றாக வந்து கீழே போகப்போக வெளுத்தால், லேபிளுக்கு அடியிலுள்ள காற்று வழி அடைப்பு. லேபிளைச் சற்றுத் தூக்கிவிட்டு அச்சடித்தால் உடனே சரியாகும். சந்தேகம் இருந்தால் இதுவே சோதனை. தாளின் ஓரத்தில் சொட்டு விழுந்தாலோ எழுத்தைச் சுற்றி அழுக்கு படிந்தாலோ அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்கள். டிஷ்யூவில் ஒற்றிக்கொண்டே இருங்கள், இழுவை திரும்பும்வரை. மஞ்சள் பச்சையாக வந்தால் சயான் கலந்திருக்கிறது. பக்கம் முழுக்க மஞ்சளாக நிரப்பிய நான்கைந்து தாள்களை அச்சடித்தால் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்கும் தீராவிட்டால் மேலே அறைகளுக்கிடையே வழிந்திருக்கிறது.

நன்றாக நிரப்பிய கார்ட்ரிட்ஜையும் கொல்வது சித்திரை வெயிலும் கரன்ட் கட்டும். பிரின்டரை அதன் சொந்தப் பொத்தானில் அணைத்தால்தான் கார்ட்ரிட்ஜ் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். சுவர் சுவிட்சை அணைத்தால், அல்லது அச்சு நடுவில் கரன்ட் போனால், ஹெட் திறந்தபடி நிற்கும். மே மாதத்தில் ஒரு ராத்திரி அப்படி நின்றாலே முனை காய்ந்துவிடும். கரன்ட் வந்ததும் ஒருமுறை ஆன் செய்து, ஹெட் ஓரம் போனதைப் பார்த்துவிட்டு அணையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நாலு நிறமும் உள்ள கால்பக்கத்தை அச்சடிப்பது, கிளீனிங்கைவிட மலிவு. கலர் தீர்ந்துபோனதைப் பொருட்படுத்தாமல் கறுப்பை மட்டும் ஓட்டுபவர்கள், பிரின்ட் அமைப்பில் கிரேஸ்கேலில் 'கறுப்பு இங்க் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காலியான கலர் ஹெட்டும் இங்க் இல்லாமலே சூடேறிக்கொண்டிருக்கும்.

ஒரு கூடு எத்தனை முறை தாங்கும்? கவனமாக நிரப்பினால் ஐந்தாறு முறை எதிர்பார்க்கலாம். எச்பி 680இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் சோதனைப் பக்கங்களை வைத்துக் கறுப்புக்குச் சுமார் 480 பக்கம், கலருக்கு 150 என்பது நிறுவனம் தரும் எண்ணிக்கை. கலர் ஹெட் அடிக்கடி நிரப்பப்படுவதும் சீக்கிரம் ஓய்வதும் அதனால்தான். எழுத்தின் ஓரம் கூர்மை இழந்து மங்கலாகும்போது ஹீட்டர்கள் களைத்துவிட்டன என்று புரிந்துகொண்டு புதுக்கூடு வாங்கிவிடலாம். அதையும் முதல் வெளுப்பிலேயே நிரப்பத் தொடங்குங்கள். 100 மி.லி. பாட்டில் ஒன்று இருபது முறைக்கு வரும். அதற்குள் கூடுகள் மூன்று மாறியிருக்கும். பாட்டிலின் மேல் திறந்த தேதியை எழுதி, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வைக்கவும். ஒன்றரை வருடம் தாண்டிய பிக்மென்ட் பாட்டிலை உருட்டிய பிறகும் அடியில் வண்டல் ஒட்டியிருந்தால் அந்த இங்க்கை ஊசியில் ஏற்ற வேண்டாம்.